திடீர்ப் பயணம், இரண்டு நாள், நிறையச் சிற்பம்

வார இறுதியில் சட்டென்று ஒரு நகரத்துக்குப் போய் ஓவியமும் சிற்பமும் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றினால் தள்ளிப்போடாமல் கிளம்புங்கள். மாதக்கணக்கில் திட்டம் போட்டுப் போகிற பயணத்தைவிட இப்படிப் போகும்போதுதான் கலையை நன்றாகப் பார்க்க முடிகிறது என்பது என் எண்ணம், ஏனென்றால் பார்த்தே தீரவேண்டியவை என்று ஒரு நீளப் பட்டியல் கையில் இருக்காது, ஒன்றின் முன்னால் அரைமணி நேரம் நின்றாலும் எதையோ தவறவிடுகிறோம் என்ற பதைப்பு இருக்காது. ஆனாலும் நாலைந்து விஷயங்களை மட்டும் வண்டி ஏறுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

அதற்கு முன்னால் ஒன்று. இந்த மாதிரிப் பயணத்துக்கு ஓவியத்தைவிடச் சிற்பம்தான் தோது. பெரிய மியூசியங்களில் கூட்டமெல்லாம் பெயர்பெற்ற ஓவியங்களுக்கு முன்னால்தான் நிற்கும், அதே கட்டடத்தின் சிற்பக் கூடத்தில் பெரும்பாலும் நடமாட இடமிருக்கும். சிற்பம் மியூசியத்துக்கு வெளியிலும் கிடைக்கும். சதுக்கத்தில், பூங்காவில், தேவாலயத்தில், கல்லறைத் தோட்டத்தில் என்று நகரமெங்கும் இருக்கும், பெரும்பாலும் டிக்கெட்டும் முன்பதிவும் தேவையில்லை. அதனால் சிற்பத்தை நடுவில் வைத்துக்கொண்டு ஓவியத்தை முடிந்த இடத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்தக் கதவு மூடியிருந்தாலும் பயணம் வீணாகாது.

முதலில் கிழமையைப் பாருங்கள்

மியூசியங்களுக்கு வார விடுமுறை உண்டு, அது ஊருக்கு ஊர் மட்டுமல்ல, ஒரே ஊரிலேயே கட்டடத்துக்குக் கட்டடம் மாறும். பாரிஸில் லூவர் செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஓர்சே மியூசியமும் ரோடின் மியூசியமும் திங்கட்கிழமை மூடியிருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்துக்கு, சுருக்கமாக மெட், புதன் விடுமுறை, டில்லி தேசிய அருங்காட்சியகத்துக்குத் திங்கள், சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி. உலகம் முழுக்கப் பார்த்தால் திங்கள்தான் அதிகம். ஞாயிறு, திங்கள் என்று இரண்டு நாள் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை உள்ளே இருக்கும்படியும் திங்கட்கிழமை வெளியே சுற்றும்படியும் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

இதற்கு இத்தாலியின் ஃபுளோரன்ஸைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. அங்குள்ள பெரிய மியூசியங்களான உஃபிசி, அகாடெமியா இரண்டுமே திங்கட்கிழமை மூடல். ஆனால் உஃபிசியை ஒட்டியே லோஜியா தெய் லான்ஸி என்று மூன்று பெரிய வளைவுகள் கொண்ட ஒரு திறந்த மண்டபம் இருக்கிறது. செல்லினி வார்த்த, கிரேக்கக் கதை வீரன் பெர்சியஸின் வெண்கலச் சிலையும், 1583-ல் அங்கே வைக்கப்பட்ட ஜாம்போலோன்யாவின் மூன்று உருவப் பளிங்குச் சிற்பமும் அதில்தான் நிற்கின்றன. சில அடி தள்ளி மைக்கேலாஞ்சலோவின் டேவிட், 1873-ல் உள்ளே கொண்டுபோகும்வரை நின்ற அதே இடத்தில் இப்போது பிரதியாக நிற்கிறது. திங்கட்கிழமை போய் இறங்கியவருக்கும் காலை முழுக்கப் பார்க்க இவ்வளவு போதும்.

கிழமையைப் பார்க்கும்போதே ராத்திரி நேரத்தையும் பாருங்கள், இது பலருக்குத் தெரிவதில்லை. பல பெரிய மியூசியங்கள் வாரத்தில் ஒரு நாளோ இரண்டு நாளோ இரவு வரை திறந்திருக்கும். லூவர் புதனும் வெள்ளியும் 9 மணி வரை, லண்டன் நேஷனல் கேலரி வெள்ளி 9 மணி வரை, பிரிட்டிஷ் மியூசியம் வெள்ளி 8.30 வரை, மெட் வெள்ளியும் சனியும் 9 மணி வரை. வெள்ளிக்கிழமை மதியம் ஊருக்குள் வந்து பையை வைத்துவிட்டு நேராக அங்கே போய்விட்டால், பள்ளிக் குழந்தைகளும் சுற்றுலாக் குழுக்களும் திரும்பிப் போன பிறகு இரண்டு மணி நேரம் நிம்மதியாகக் கிடைக்கும். அடுத்த நாள் காலை பத்து மணிக்கு வரிசையில் நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். நேரங்கள் மாறக்கூடியவை, அதனால் கிளம்பும் அன்று மியூசியத்தின் சொந்த இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மேப்பில் காட்டும் நேரத்தை மட்டும் நம்பிப் போகவேண்டாம். கடைசி நுழைவு நேரம் என்று ஒன்று தனியாக இருக்கும், மூடும் நேரத்துக்கு அரைமணியோ ஒரு மணியோ முன்பே அது முடிந்துவிடும், அதையும் சேர்த்துப் பாருங்கள்.

டிக்கெட் கிடைக்காததை விட்டுவிடுங்கள்

சில இடங்கள் திடீர்ப் பயணத்துக்குச் சரிப்படாது. ரோமில் போர்கேஸே கேலரிக்கு முன்பதிவு கட்டாயம், உள்ளே இரண்டு மணி நேரம்தான், நாள் நெருங்கினால் இடம் கிடைப்பது கஷ்டம். ஆம்ஸ்டர்டாமில் வான்கோ மியூசியத்துக்கு ஆன்லைனில் நேரம் குறித்து வாங்கினால்தான் போகமுடியும். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை தேடுங்கள். ரத்தான டிக்கெட் ஒன்று அகப்பட்டால் சந்தோஷம். இல்லையா, அதோடு அதை மறந்துவிடுங்கள். இரண்டு மடங்கு மூன்று மடங்கு விலை வைத்து விற்கும் இடைத்தரகர் இணையதளங்களில் அவசரத்தில் பணத்தைக் கொட்டாதீர்கள். அந்த நேரத்தில் அதே ஊரில் உள்ள இரண்டாவது மூன்றாவது மியூசியத்துக்குப் போங்கள், அங்கே சேகரிப்பு சின்னதாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போய் நிற்க முடியும்.

இலவச நேரங்களைப் பற்றி ஒரு வார்த்தை. மட்ரிட் பிராடோவில் தினமும் கடைசி இரண்டு மணி நேரம் நிரந்தரச் சேகரிப்பைப் பார்க்கக் கட்டணம் இல்லை. இத்தாலி அரசு மியூசியங்களில் மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம். காசு மிச்சம்தான், ஆனால் கூட்டமும் அதற்கேற்ற மாதிரி இருக்கும். ஒரே ஒரு அறையை மட்டும் பார்க்கப் போகிறவர்களுக்கு இலவச நேரம் நல்லது, முதல்முறையாக முழுசாகப் பார்க்க நினைப்பவர்களுக்கு அல்ல.

ஒரு நாளைக்கு ஒரு மியூசியம்

இதில் நான் கண்டிப்பானவன். ஒரு நாளைக்கு ஒரு பெரிய மியூசியம், அதுவும் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மியூசியத்தில் வரும் களைப்பு உங்களுடைய குறை இல்லை. 1916-லேயே பாஸ்டன் நுண்கலை மியூசியத்தில் வேலை பார்த்த பெஞ்சமின் கில்மன் என்பவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காட்சிப் பெட்டிக்குள் எட்டிப் பார்க்க, சின்ன எழுத்தைப் படிக்க ஒரு மனிதர் எப்படியெல்லாம் குனிந்து வளைய வேண்டியிருக்கிறது என்று புகைப்படம் எடுத்தே காட்டினார். நின்று, நடந்து, குனிந்து, படித்து, மறுபடி நடந்து என்று போனால் யாருக்கும் ஒரு கட்டத்தில் கண் திறந்திருக்கும், மனசு பார்க்காது.

மெட் மியூசியத்தில் நடந்த ஓர் ஆய்வு 2001-ல் வெளிவந்தது. பேர்போன படைப்புகளுக்கு முன்னால்கூட மக்கள் சராசரியாக 27 விநாடிதான் நிற்கிறார்கள், பாதிப்பேர் 17 விநாடியைத் தாண்டுவதில்லை என்று அதில் தெரியவந்தது. குறிப்பைப் படிப்பதும் அந்த நேரத்துக்குள்தான். ஒரு சிற்பத்தைச் சுற்றி நிதானமாக ஒரு வட்டம் வருவதற்கே 17 விநாடி போதாது.

அதனால் நான் செய்வது இது. உள்ளே நுழைந்ததும் வரைபடத்தை எடுத்து இரண்டு பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுப்பேன். முதல் பகுதியில் எதன் முன்னாலும் நிற்காமல் ஒரு நடை நடந்து முடித்துவிடுவேன், பத்து நிமிஷம் ஆகும். நடக்கும்போது இரண்டு மூன்று படைப்புகள் தானாகவே கண்ணை இழுக்கும். திரும்பி வந்து அவற்றின் முன்னால் மட்டும் நிற்பேன், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது பத்து நிமிஷம். பக்கத்தில் பேரும் விவரமும் எழுதி வைத்திருக்கும் குறிப்பட்டையை முதலில் படிப்பதில்லை, பார்த்து முடித்த பிறகுதான். பேரைப் பார்த்துவிட்டால் அந்தப் பேருக்காகவே ஒன்று பிடித்துப்போகும், அல்லது பேர் தெரியாததால் நல்ல ஒன்றை விட்டுவிட்டுப் போய்விடுவோம். ஆடியோ கைடையும் இதே காரணத்துக்காகத்தான் இரண்டாவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

நடுவில் உட்காருங்கள். பெஞ்சு இருக்கும் அறையை வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம், சில மியூசியங்களில் மடக்கு நாற்காலி இலவசமாகவே தருவார்கள், கேட்டால்தான் கிடைக்கும்.

சிற்பத்தை எப்படிப் பார்ப்பது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஓவியத்துக்கு முன்னால் நிற்கத் தெரிந்த பலருக்குச் சிற்பத்துக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரிவதில்லை, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

முதல் வேலை, சுற்றி வாருங்கள். ஒருமுறை தூரத்தில், ஒருமுறை பக்கத்தில். மேலே சொன்ன ஜாம்போலோன்யாவின் சிற்பத்தில் முன்பக்கம் என்று ஒன்றே கிடையாது. ஒரே கல்லில் மூன்று உடல்கள், அடியில் குனிந்திருக்கும் கிழவன், நடுவில் இளைஞன், அவன் தூக்கிப் பிடித்திருக்கும் பெண், மூன்றும் முறுக்கிக்கொண்டு மேலே போகின்றன. ஓரடி நகர்ந்தால் ஒரு முகம் மறைந்து ஒரு கை வெளிவரும், இன்னும் ஓரடி நகர்ந்தால் கிழவன்தான் கதையே என்று தோன்றும். போர்கேஸேயில் பெர்னினியின் அப்போலோ, தாஃப்னே சிற்பமும் அப்படித்தான், துரத்தி வரும் அப்போலோவிடமிருந்து தப்ப தாஃப்னே மரமாக மாறும் கிரேக்கக் கதை அது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் ஒருவன் ஒரு பெண்ணைத் துரத்துகிறான், அவ்வளவுதான். சுற்றி வந்தால் அவள் விரல் நுனிகளில் இலை துளிர்க்கிறது, கால் விரல்கள் வேராக மண்ணுக்குள் இறங்குகின்றன, இடுப்பை மரப்பட்டை மூடிக்கொண்டு வருகிறது. கதை முழுக்க உங்கள் நடையில்தான் நடக்கிறது.

பின்பக்கத்தைப் பார்க்க மறக்காதீர்கள். சுவரை ஒட்டி வைத்த சிற்பமாக இருந்தால் பின்னால் வெறும் முரட்டுக் கல்லாக விட்டிருப்பார்கள், அது மாடத்தில் வைக்கச் செய்தது என்று அதிலிருந்தே தெரிந்துவிடும். சோழர் கால உற்சவமூர்த்திகளில் நேர்மாறாக இருக்கும், வீதியில் எல்லாப் பக்கமும் ஜனங்கள் பார்க்கப்போகிறார்கள் என்பதால் முதுகும் கூந்தலும் முன்பக்கத்துக்குக் கொஞ்சமும் குறையாத அழகோடு இருக்கும். பீடத்தில் இருக்கும் துளைகளையும் வளையங்களையும் பாருங்கள், தூக்கிச் செல்லக் கழி நுழைத்த இடம் அது. சில மூர்த்திகளின் மூக்கும் கன்னமும் வழவழவென்று தேய்ந்திருக்கும், நூற்றாண்டுக் கணக்கில் அபிஷேகம் செய்து துடைத்ததில் கரைந்துபோன முகம். குறிப்பட்டையில் இதெல்லாம் பெரும்பாலும் எழுதியிருக்காது.

அப்புறம், எதில் செய்தது என்று பாருங்கள். ஒரு சிற்பம் ஏன் அப்படி நிற்கிறது என்பதற்குப் பாதி பதில் அதிலேயே இருக்கும். ரோமானியப் பளிங்குச் சிலைகளில் ஓர் இளைஞன் காலை ஒட்டிச் சம்பந்தமே இல்லாமல் ஒரு மரக்கட்டை முளைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நிறைய, கிரேக்க வெண்கலச் சிலைகளைப் பார்த்துச் செய்த பிரதிகள். வெண்கலம் உறுதியானது, அதில் உள்ளே கூடாக வார்த்த உருவம் இரண்டு கணுக்காலில் நின்றுவிடும், பளிங்கு அந்தப் பாரத்தில் உடையும். அதற்கு முட்டுக்கொடுக்கத்தான் அந்தக் கட்டை. கையையும் இடுப்பையும் இணைக்கும் சின்னக் கல்பாலம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். இதைத் தெரிந்துகொண்டபின் ஒரு ரோமானியக் கூடத்துக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் போவதே தெரியாது. இன்னொரு சின்னத் தடயம் கண்கள். ரோமானியப் பளிங்குத் தலைகளில் கண்மணி செதுக்கப்பட்டிருந்தால் அது பெரும்பாலும் பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், சுமார் கி.பி. 130-ஐ ஒட்டியோ அதற்கு அப்புறமோ செய்தது. அதற்கு முன்னால் கண்ணை வண்ணத்தால் தீட்டிவிடுவார்கள், வண்ணம் போய்விட்டதால் இன்று குருட்டுக் கண்ணாகத் தெரிகிறது.

வெண்கலத்திலும் இரண்டு வகை. சோழர் மூர்த்திகள் மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றி உள்ளே கூடு இல்லாமல் கனமாக வார்த்தவை. மண் அச்சை உடைத்துத்தான் எடுக்கமுடியும், அதனால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்று. பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் வெண்கலங்கள் உள்ளே கூடானவை, மூல அச்சிலிருந்து பல தடவை வார்க்கலாம், பிரெஞ்சுச் சட்டப்படி 12 வரை அசல் என்றே கணக்கு. அதனால்தான் அவருடைய கலே நகரத்தார் சிற்பத்தைப் பிரான்ஸின் கலே நகரத்திலும் பார்க்கலாம், பாரிஸிலும் லண்டனிலும் டோக்கியோவிலும் பார்க்கலாம், எதுவும் நகல் இல்லை. முற்றுகையிடப்பட்ட ஊரைக் காப்பாற்ற, கழுத்தில் கயிறோடு சாகப் புறப்பட்ட ஆறு பேர். உயரத்தில் வைக்காமல் தரையோடு தரையாக, ஜனங்களுக்கு நடுவே நிற்கவேண்டும் என்று ரோடின் ஆசைப்பட்டார், ஆனால் 1895-ல் கலேயில் பீடத்தின் மேல்தான் ஏற்றினார்கள். உங்களுக்குக் கிடைக்கும் வார்ப்பு தாழ்வாக இருந்தால் அவர்களுடைய கைகளைப் பாருங்கள், உடலுக்குப் பொருந்தாத அளவு பெரிய கைகள், என்ன செய்வதென்று தெரியாமல் தொங்குகின்றன.

உளித்தடத்தைத் தேடுவதும் எனக்குப் பிடித்த வேலை. அகாடெமியாவில் எல்லோரும் 5.17 மீட்டர் உயர டேவிடை நோக்கி வேகமாகப் போவார்கள். போகும் வழியில் இரண்டு பக்கமும் மைக்கேலாஞ்சலோ முடிக்காமல் விட்ட, ‘கைதிகள்’ என்று அழைக்கப்படும் உருவங்கள் கல்லுக்குள் பாதி புதைந்து நிற்கின்றன. பல் உளியின் வரிகள் குறுக்கும் நெடுக்குமாக அப்படியே இருக்கின்றன, எந்தக் கோணத்தில் உளியைப் பிடித்தார், எங்கே அழுத்தினார் என்பதுவரை படிக்கலாம். டேவிடைவிட இந்தக் கைதிகள்தான் எனக்கு உசத்தி, அங்கே போனால் நேரத்தைச் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

தொடாதீர்கள். கையின் எண்ணெய்ப் பசை பளிங்கில் ஊறிக் கறையாகிவிடும். தொட முடியாத ஆசையைப் பென்சிலால் தீர்த்துக்கொள்ளலாம். வரையத் தெரியவேண்டும் என்று இல்லை, சின்ன நோட்டில் வெளிக்கோட்டை மட்டும் இழுத்துப் பாருங்கள், தோள் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அப்போதுதான் உறைக்கும். பேனா பல இடங்களில் கூடாது, பென்சில் பெரும்பாலும் சரி.

மியூசியத்துக்கு வெளியே

மதியத்துக்குப் பிறகு வெளியே வாருங்கள். வெளியில் நிற்கும் சிற்பத்துக்குக் காலையோ மாலையோதான் நேரம், பக்கவாட்டில் வரும் வெளிச்சம் ஒவ்வொரு மடிப்பையும் எடுத்துக் காட்டும், உச்சிவெயிலில் கண்ணுக்குழி இருண்டு முகம் தட்டையாகிவிடும். மழை பெய்து ஓய்ந்தபின் வெண்கலம் பார்க்க அருமையாக இருக்கும், குடை இருந்தால் மழையைக் காரணம் காட்டி அறையில் உட்காராதீர்கள்.

பூங்காவாகவே சில ஊர்களில் கிடைக்கும். ஆஸ்லோவின் விகெலாண்ட் பூங்காவில் ஒரே சிற்பியின் 200-க்கும் மேற்பட்ட படைப்புகள், எந்நேரமும் திறந்திருக்கும், கட்டணம் இல்லை. நடுவில் நிற்கும் ஒற்றைக்கல் தூணில் 121 மனித உருவங்கள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டு ஏறுகின்றன, அதைச் செதுக்க மூன்று கல்தச்சர்களுக்குப் பதினாலு வருஷம் ஆயிற்று. ஆன்ட்வெர்ப்பில் மிடெல்ஹைம் பூங்காவும் இலவசம். ஆம்ஸ்டர்டாமில் ரைக்ஸ்மியூசியத்துக்கு டிக்கெட் எடுக்காவிட்டாலும் அதன் தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாம்.

ஐரோப்பிய நகரமென்றால் தேவாலயங்களை விடாதீர்கள். மைக்கேலாஞ்சலோவின் மோசஸ் ரோமில் ஒரு தேவாலயத்துக்குள்தான் இருக்கிறது, பெர்னினியின் புனித தெரேசா இன்னொன்றில். வழிபாட்டு நேரத்தில் சுற்றிப் பார்ப்பது கூடாது, இத்தாலியில் மதியம் சில மணி நேரம் பூட்டிவிடுவார்கள், தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும், அவ்வளவுதான் விதி. பழைய கல்லறைத் தோட்டங்களும் நல்ல சிற்பக் கூடங்கள்தான், பாரிஸின் பேர் லஷேஸும் ஜெனோவாவின் ஸ்டாலியெனோவும் அதற்கே பேர்போனவை.

போன ஊரில் பெரிய அசல் எதுவுமே இல்லையென்றால் அச்சுப்பிரதிக் கூடம், அதாவது பேர்போன சிற்பங்களிலிருந்து அச்செடுத்துச் சாந்தில் வார்த்த பிரதிகள் வைத்த கூடம், இருக்கிறதா என்று தேடுங்கள். பிரதிதானே என்று தள்ளிவிட வேண்டாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் 1873-ல் திறந்த அச்சுப்பிரதி அரங்கில் டேவிடும் நிற்கிறான், ரோமில் பேரரசர் டிராஜனுக்கு எழுப்பிய சிற்பத் தூணும் கூரையின் உயரம் போதாமல் இரண்டு துண்டாக நிற்கிறது. ரோமில் தூணின் மேல்பகுதிச் சிற்பங்களைத் தரையிலிருந்து சரியாகப் பார்க்கமுடியாது. இங்கே பக்கத்தில் போய்ப் பார்க்கலாம், அதுவும் இலவசமாக.

பை, செருப்பு, கூட வருபவர்கள்

தோளில் மாட்டும் சின்னப் பை ஒன்று போதும். பெரிய முதுகுப் பையை உள்ளே விடமாட்டார்கள், சூட்கேஸைப் பல மியூசியங்களின் க்ளோக் ரூமிலும் வாங்கமாட்டார்கள், அதனால் கடைசி நாள் லக்கேஜோடு நேராக மியூசியத்துக்குப் போகாமல் தங்குமிடத்திலோ ரயில் நிலைய லாக்கரிலோ வைத்துவிட்டுப் போங்கள். புதுச் செருப்பு வேண்டவே வேண்டாம், கல் தரையில் மூன்று மணி நேரம் நிற்கப் பழகிய செருப்புதான் சரி. போட்டோ எடுக்கலாம் என்றால் ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுங்கள், ஆனால் பார்த்து முடித்த பிறகு எடுங்கள்.

கூட வருபவர்களோடு ஒட்டிக்கொண்டே நடக்காதீர்கள். ஒருவருக்குப் பத்து நிமிஷம் போதும், இன்னொருவருக்கு அரைமணி வேண்டும், இதில் இரண்டு பேருமே எரிச்சலடைவார்கள். வாசலிலேயே பிரிந்துவிடுங்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து இன்ன சிலைக்குப் பக்கத்தில் என்று இடத்தைச் சொல்லிவிடுங்கள், பெரிய சிலையாகப் பார்த்துச் சொல்லுங்கள், உள்ளே மொபைல் சிக்னல் பல இடங்களில் கிடைக்காது. சந்தித்ததும் ஆளுக்கு ஒன்றை மட்டும் மற்றவருக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள், அதற்கு ஒரு கால்மணி நேரம் ஒதுக்கிவைத்தால் போதும்.